மேடையில் சொந்தக் கதை சொல்வது எப்படி: கதையைத் தேர்வதிலிருந்து மைக்கைத் திருப்பி வைப்பது வரை

பாட்டி கதை சொல்லத் தொடங்கும் முன் பேரப்பிள்ளைகளிடம் ஒரு நிபந்தனை போடுவார்: "உம் கொட்டணும்." உம் நின்றுவிட்டால் பிள்ளை தூங்கிவிட்டது என்று பொருள். கதையும் அங்கேயே நிற்கும். வில்லுப்பாட்டில் இந்த உம் மேடைக்கே ஏறிவிட்டது. புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். ஆனால் மைக் முன்னால் தனியாக நின்று தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்பவருக்கு இந்தத் துணை கிடையாது. எதிரே 100 பேர் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். யார் கேட்கிறார், யார் போனைப் பார்க்கிறார் என்று சரியாகத் தெரியாது. அதனால் வீட்டில் தயாரிக்கும்போதே ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்பவர் மனசுக்குள் உம் கொட்டும்படி கதையை அமைத்துவிட வேண்டும். மேடையில் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது.

முதலில் நேரம்

சொந்தக் கதைக்கு நல்ல அளவு 5 நிமிடம். நியூயார்க்கில் 1997-ல் தொடங்கிய 'தி மாத்' என்ற கதைசொல்லல் அமைப்பு, யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஏறக்கூடிய தன் போட்டி மேடைகளில் 5 நிமிடத்தைத்தான் வைத்திருக்கிறது. அதற்கு மேல் 1 நிமிடம் சலுகை உண்டு. கதை உண்மையாக இருக்க வேண்டும், சொல்பவருக்கு நடந்ததாக இருக்க வேண்டும், தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது என்பவை அதன் விதிகள். மேடைப் பேச்சுப் பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் புதிதாகச் சேர்ந்தவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் 'ஐஸ் பிரேக்கர்' பேச்சுக்கு 4 முதல் 6 நிமிடம். அலுவலக விழா, பள்ளி ஆண்டுவிழா, வாசகர் சந்திப்பு எதுவானாலும் உங்களுக்கு 10 நிமிடம் கொடுத்தால்கூட 6 நிமிடக் கதையோடு போங்கள்.

தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 110 சொற்கள் வரும். அப்படியானால் 5 நிமிடக் கதை என்பது ஏறத்தாழ 450 முதல் 550 சொற்கள்தான். வீட்டு ஒத்திகையில் அது நாலரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மேடையில் மூச்சு வாங்கவும் சபை சிரித்து அடங்கவும் மீதி அரை நிமிடம் தேவைப்படும்.

எந்தக் கதை?

"என் வாழ்க்கை வரலாறு" 5 நிமிடத்தில் அடங்காது. அப்பாவைப் பற்றி, வேலையைப் பற்றி, நோயைப் பற்றி என்று தலைப்பிலிருந்து யோசித்தாலும் கட்டுரைதான் வரும். ஒரு நாளைத் தேடுங்கள். அதுவும் அகப்படாவிட்டால் ஒரு மணி நேரத்தைத் தேடுங்கள்.

தேடுவதற்கு ஒரு வழி. ஒரு தாளை எடுத்து 20 நிமிடம் இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். முதல்முறையாக நீங்கள் தனியாகச் செய்தவை. கடைசிமுறை என்று தெரியாமலே கடைசிமுறையாகச் செய்தவை. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் தலைகுனிந்து நின்ற நாள். இன்னும் தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருக்கும் ஒரு பொருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். 15 வரி சேர்ந்தால் அதில் இரண்டோ மூன்றோ மேடைக்கு ஆகும்.

எது ஆகும் என்று பார்க்க, இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: "அதுவரைக்கும் நான் இப்படி இருந்தேன், அதுக்கப்புறம் அப்படி இருக்க முடியல." நிரப்ப முடியவில்லையென்றால் அது சம்பவம்தான், இன்னும் கதையாகவில்லை. பஸ் பழுதாகி ராத்திரி முழுக்க நடுவழியில் நின்றது சுவையான சம்பவம். அந்த ராத்திரியில் உங்களுக்குள் எதுவும் நகரவில்லையென்றால் கேட்பவருக்கு எஞ்சுவது "சரி, அதுக்கென்ன?" என்ற கேள்விதான். மக்கள் வாய்மொழியாகத் தங்கள் அனுபவங்களைச் சொல்லும் முறையை 1960-களில் ஆராய்ந்த அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் இதைத்தான் அழுத்தமாகச் சொன்னார்: நல்ல கதைசொல்லி அந்த "அதுக்கென்ன"வை எழவே விடுவதில்லை. அந்த நிகழ்ச்சி தனக்கு ஏன் முக்கியம் என்பதைக் கதை நெடுகக் கசியவிட்டுக்கொண்டே போகிறார்.

மாற்றம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வாழ்க்கையையே புரட்டிப்போட்ட நிகழ்வு வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் "என்கிட்ட கதையே இல்லை" என்கிறார்கள். ஒரு மகன் அப்பாவைப் பார்க்கும் பார்வை ஒரு விரற்கடை நகர்ந்தாலும் போதும்.

தேர்ந்தெடுத்த கதையை மேடைக்கு முன் நம்பிக்கையான ஒருவரிடம் மூன்று தடவை சொல்லுங்கள், வேறு வேறு நாட்களில். மூன்றாவது தடவையும் அதே இடத்தில் தொடர முடியாமல் உடைந்துபோனால் அந்தக் கதையை இப்போது எடுக்க வேண்டாம். கண் கலங்குவது தவறில்லை. ஆனால் சபை உங்களுக்காகப் பதறத் தொடங்கிவிட்டால் கதை காதில் விழாது. தண்ணீர் கொடுக்கலாமா, கீழே அழைத்து வரலாமா என்பதே எல்லார் மனசிலும் ஓடும். ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே கதையை எடுக்கலாம்.

கதையில் வரும் மற்றவர்களையும் நினைக்க வேண்டும். உயிரோடு இருப்பவரின் கடன், நோய், குடி, திருமண முறிவு இவை அவருடையவை. அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கேட்க முடியாத நிலையென்றால் பெயர், ஊர், உறவு மூன்றையும் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்தால் கதை நிற்கவில்லை என்றால் அது அவருடைய கதை, உங்களுடையதில்லை.

எடுப்பு

கட்டுரைக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்த எடுப்பு, தொடுப்பு, முடிப்பு இங்கேயும் உதவும். ஆனால் செய்யும் முறை வேறு. ஒரு கதையை வைத்துக்கொண்டே பார்ப்போம். 19 வயதில் ஒரு மகன், அப்பாவின் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக அரசு மருத்துவமனையில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். நடந்தது இவ்வளவுதான்.

வழக்கமாக இது மேடையில் இப்படித் தொடங்கும்: "அவையில் வீற்றிருக்கும் சான்றோர் பெருமக்களே, வாய்ப்பளித்த நிர்வாகிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இன்று நான் என் வாழ்வில் நடந்த மறக்க முடியாத ஒரு சம்பவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். என் அப்பா மிகவும் கண்டிப்பானவர், அதே சமயம் பாசமானவர்..." அரை நிமிடம் போய்விட்டது. இன்னும் யாரும் எதையும் பார்க்கவில்லை. சிறப்பு விருந்தினரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற மேடையானால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, மூச்சு வாங்கி, கதையை வேறு குரலில் தொடங்குங்கள். மற்ற இடங்களில் "வணக்கம்" ஒன்று போதும்.

இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

"எங்கப்பா என் ரேங்க் கார்டுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பேனாவ ரெண்டு தடவ உதறுவாரு. பேனா நல்லாத்தான் எழுதும். ஆனாலும் உதறுவாரு. அப்புறம் ஒவ்வொரு எழுத்தா, த, ங், க... முழுப் பேரையும் எழுதுவாரு. அது முடியற வரைக்கும் நான் நின்னுக்கிட்டே இருக்கணும்."

அப்பா கண்டிப்பானவர் என்றோ பாசமானவர் என்றோ ஒரு சொல்கூட இல்லை, ஆனால் ஆள் வந்துவிட்டார். அதிகம் படிக்காதவர், கையெழுத்தைப் பெரிய காரியமாக நினைப்பவர், அவர் முன்னால் மகன் நின்றுதான் ஆக வேண்டும். அதோடு கடைசியில் தேவைப்படப்போகும் ஒரு பொருளும் ஒரு அசைவும் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன. அப்பா, ரேங்க் கார்டு, நான் நிற்கும் இடம் என்று முதல் 30 நொடியில் ஆள், காலம், இடம் மூன்றும் தெரிந்துவிட வேண்டும். வருடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ரேங்க் கார்டே காலத்தைச் சொல்லிவிடும்.

தொடுப்பு

நடுப்பகுதி வீணாவது பெரும்பாலும் "அப்புறம்... அப்புறம்..." என்ற கோர்ப்பில்தான். காலையில் எழுந்தோம், அப்புறம் பஸ் ஏறினோம், அப்புறம் டோக்கன் வாங்கினோம். ஒரு படியை எடுத்துவிட்டாலும் அடுத்தது விழாமல் நிற்கிறதா? அப்படியானால் அந்தப் படி தேவையில்லை. "அதனால", "ஆனா" என்ற இரண்டு சொற்களால் இணைக்க முடிகிற நிகழ்வுகளை மட்டும் வையுங்கள். அண்ணன் வெளியூரில், அதனால நான்தான் கூடப் போனேன். அம்மா வந்திருந்தாங்க, ஆனா படிவத்தப் பார்த்ததும் கைய எடுத்துட்டாங்க. அதனால சிஸ்டர் என் பக்கம் திரும்பினாங்க.

5 நிமிடக் கதையில் இரண்டு காட்சி, அதிகம் போனால் மூன்று. காட்சி என்றால் ஒரே இடத்தில், அந்த நேரத்தின் வேகத்திலேயே நடப்பது. மற்றதெல்லாம் ஒரு வரிச் சுருக்கம். மூன்று நாள் வார்டில் இருந்ததை "மூணு நாள் வராண்டாவுலயே படுத்தோம்" என்று தாண்டிவிடலாம். படிவம் கைக்கு வந்த ஒரு நிமிடத்தைச் சொல்ல முழு ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். கதையின் உயிர் இந்த விகிதத்தில்தான் இருக்கிறது. கைதேராதவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். மருத்துவமனைக்குப் போன வழியை மூன்று நிமிடம் சொல்லிவிட்டு, நேரம் முடியப்போகிறதே என்ற பதற்றத்தில் உச்சக் கட்டத்தை 20 நொடியில் ஓட்டிவிடுவார்கள்.

காட்சிக்குள் எவ்வளவு விவரம் வைப்பது? ஐந்து புலனில் இரண்டு போதும். பினாயில் வாடை ஒன்று. நோயாளியின் பெயரைக் கூப்பிடும் குரல் ஒன்று. அதோடு எந்த மருத்துவமனைக்கும் பொருந்தாத, அந்த நாளுக்கு மட்டுமே சொந்தமான ஒன்று வேண்டும். படிவத்தில் "உறவு" என்ற கட்டம் மிகவும் குறுகலாக இருந்தது, 'மகன்' என்ற மூன்றெழுத்துதான் அதற்குள் அடங்கியது. இப்படி ஒன்று இருந்தால் கேட்பவர் நம்பிவிடுவார். உணர்ச்சிக்குப் பெயர் வைக்காதீர்கள். "பயந்துபோனேன்" என்பதைவிட "பேர எழுதறப்ப ஒரு எழுத்த விட்டுட்டேன்" என்பது பலமானது.

வேறு ஊரில் நடந்தது, வேறொருவருக்கு நடந்தது என்று எதையும் கடன் வாங்கிச் சேர்க்க வேண்டாம். உரையாடலைச் சொல்லுக்குச் சொல் நினைவில்லாமல் அந்த ஆள் பேசும் விதத்தில் சொல்லலாம். நடக்காத நிகழ்வைச் சேர்த்தால் உங்கள் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதிலும் முன்வரிசையில் சொந்தக்காரர் இருந்தால்.

முடிப்பு

"இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்னவென்றால்..." நம் மேடைகளில் கதையைக் கொல்லும் வாக்கியம் இதுதான். கேட்பவர் தானாகவே உணர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, அவர் உணர்ந்ததைப் பாடமாக்கி அவருக்கே ஒப்புவிக்கிறோம். மேற்கோள் சொல்லி முடிப்பதும் அப்படித்தான். அந்தக் கணத்தில் உங்கள் அப்பா மறைந்து, வேறு யாரோ மேடைக்கு வந்துவிடுகிறார்.

கடைசி வாக்கியம் ஒரு செயலாகவோ ஒரு பொருளாகவோ இருக்கட்டும். எடுப்பில் வைத்தது இங்கே திரும்பி வந்தால் இன்னும் நல்லது. நம் மகன் கதை இப்படி முடியலாம்:

"சிஸ்டர் பேனா குடுத்தாங்க. நல்லா எழுதற பேனாதான். நான் ரெண்டு தடவ உதறினேன்."

இதற்குப் பிறகு ஒரு சொல்லும் வேண்டாம். அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்ததா என்று சபைக்குத் தோன்றும். "வராண்டாவுலயே படுத்தோம்" என்ற வரியோடு "அப்பா இப்ப நல்லா இருக்காரு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி முடிவை இடிக்காது.

எந்தத் தமிழில்?

தமிழில் கதை சொல்பவருக்கு உள்ள சிக்கல் இது. எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. மைக்கைப் பிடித்ததும் "அப்பா கூறினார், நான் மருத்துவமனைக்கு விரைந்தேன்" என்று நாக்கு தானாக மேடைத்தமிழுக்குத் தாவிவிடும். பட்டிமன்றத்துக்கும் வாழ்த்துரைக்கும் அது சரி. ஆனால் "விரைந்தேன்" என்று சொல்பவர் உண்மையில் ஓடியிருப்பார் என்று யாருக்கும் தோன்றாது. வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்களோ அந்தத் தமிழில் சொல்லுங்கள். நெல்லையோ கொங்கோ யாழ்ப்பாணமோ, உங்கள் வட்டார வழக்கை மறைக்க வேண்டாம். மற்ற ஊர்க்காரருக்குப் புரியாத ஒரு சொல் வந்தால் அதை விளக்காதீர்கள், அடுத்த வரியிலேயே பொருள் தெரியும்படி அமையுங்கள்.

உரையாடலில் ஒவ்வொருவரும் அவரவர் தமிழில் பேச வேண்டும். சிஸ்டர் "பேஷண்ட்டுக்கு நீ என்ன உறவுப்பா?" என்பார். அம்மா "நீயே போடு சாமி" என்பார். அம்மா "நீயே கையொப்பமிடு" என்றால் கதை அங்கேயே விழுந்துவிடும். குரலை மாற்றி நடித்துக் காட்ட வேண்டியதில்லை, முகத்தை லேசாக வலமும் இடமும் திருப்பினாலே இரண்டு ஆள் பேசுவது தெரியும். "அவர் சொன்னார், நான் சொன்னேன்" என்று ஒவ்வொரு வரிக்கும் ஒட்டுவதையும் விட்டுவிடலாம்.

இன்னொன்று காலம். பேச்சில் நாம் இயல்பாகவே "போனேன்" என்று தொடங்கி, பரபரப்பு வந்ததும் "பாக்கறேன், அம்மா நிக்கறாங்க" என்று நிகழ்காலத்துக்கு மாறுவோம். அதைத் திருத்தாதீர்கள். உச்சக் காட்சியில் மட்டும் அது வரட்டும்.

ஒத்திகை

முழுக் கதையையும் எழுதி மனப்பாடம் செய்வது ஆபத்து. ஒரு சொல் மறந்தால் முழு வரியும் போய்விடும். கண்ணும் மேல்நோக்கிப் போய்த் தாளைத் தேடும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் சொல்லுக்குச் சொல் மனசில் ஏற்றுங்கள். நடுவில் 5 முதல் 7 நிறுத்தங்கள் போதும், ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்: பேனா, அண்ணன், வராண்டா, படிவம், உறவுக் கட்டம், அம்மா கை. பஸ் நிறுத்தம் மாதிரிதான். நிறுத்தம் தெரிந்தால் வழியை நாக்கு பார்த்துக்கொள்ளும்.

10 நாள் இருந்தால் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் மூன்று நாள் நடந்துகொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசுக்குள் சொல்வது கணக்கில் வராது. நான்காம் நாள் போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல்முறை நேரம் பாருங்கள். இரண்டாம் முறை "வந்து", "ஆக்சுவலா", "பாத்தீங்கன்னா" எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். எண்ணினாலே பாதி குறைந்துவிடும்.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒருவரை எதிரே உட்கார வைத்து உம் கொட்டச் சொல்லுங்கள். கருத்துக் கேட்க வேண்டாம். "நல்லா இருந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். உம் மட்டும் பொய் சொல்லாது. எந்த இடத்தில் அது மெலிந்து, தாமதமாகி, பழக்கத்துக்காக வருகிறதோ அங்கே வெட்டுங்கள். எந்த இடத்தில் உம் கொட்டவே மறந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அங்கே இன்னும் மெதுவாகச் சொல்லுங்கள். இரண்டு வேறு ஆட்களிடம் இதைச் செய்தால் கதை எங்கே இளைக்க வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்துவிடும். கடைசி இரண்டு நாள் கதையில் கை வைக்க வேண்டாம்.

மைக்

கதையை வாசற்படி வரை கொண்டு வந்துவிட்டு மைக்கில் தொலைப்பவர்கள் நிறைய. நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னால் போய் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் 20 நொடி கேளுங்கள். "ஹலோ, மைக் டெஸ்டிங்" வேண்டாம். கதையின் முதல் இரண்டு வரியையும் கதையிலேயே மெதுவாகச் சொல்லப்போகும் ஒரு வரியையும் சொல்லிப் பாருங்கள். மெதுவான வரி கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்.

கை மைக்கானால் வாயிலிருந்து நான்கு விரல் தூரம், நேராக இல்லாமல் மோவாய்ப் பக்கமிருந்து சற்றுச் சாய்த்து. அப்போதுதான் 'ப' வரும்போது காற்று மோதி 'புஸ்' என்று கேட்காது. வலைத் தலையைக் கையால் மூடிப் பிடித்தாலோ ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாலோ மைக் ஊளையிடும். தலையைத் திருப்பும்போது மைக்கும் கூடவே திரும்ப வேண்டும். காலர் மைக்கானால் மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்திக்கொள்ளுங்கள். புடவைத் தலைப்பு, துப்பட்டா, தாலிக்கொடி, அடையாள அட்டை எது உரசினாலும் சரசரவென்று கேட்கும்.

ஸ்டாண்டில் மைக் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். கை இரண்டும் காலியாக இருப்பது கதைக்கு நல்லது, பேனாவை உதறிக் காட்ட வேண்டியிருக்கும். உங்களுக்கு முன் பேசியவர் உயரமானவராக இருந்தால் முதலில் ஸ்டாண்டைச் சரிசெய்துவிட்டு, பிறகு வாயைத் திறங்கள். போடியத்துக்குப் பின்னால் நிற்காமல் இருக்க முடிந்தால் நிற்காதீர்கள்.

மேடையில்

திருவள்ளுவர் 'அவையறிதல்' என்ற அதிகாரத்தை 72-வதாக வைத்து, அதற்கு அடுத்துத்தான் 'அவையஞ்சாமை'யை வைத்தார். அந்த வரிசை செயல்முறைக்கும் பொருந்தும். உங்கள் முறை வருவதற்கு முன் கூட்டத்தைப் பாருங்கள்: வயது, களைப்பு, சாப்பாட்டு நேரம். இடது, நடு, வலது என்று மூன்று பக்கத்திலும் ஒரு நட்பான முகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியத்தை ஒருவரிடம் முழுதாகச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். சுவரையோ தலைக்கு மேலேயோ பார்த்துப் பேசினால் சபைக்குத் தெரிந்துவிடும்.

நடுக்கம் பெரும்பாலும் முதல் நிமிடத்தில்தான் கடுமையாக இருக்கும். மேடையேறி மைக் முன் நின்றதும் இரண்டு நொடி பேசாமல் இருந்து, மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதல் வாக்கியம் மனப்பாடம் என்பதால் நாக்கு அதைப் பார்த்துக்கொள்ளும். வாய் வறண்டால் ஐஸ் தண்ணீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் ஒரு மிடறு.

மறந்துவிட்டால் மன்னிப்புக் கேட்காதீர்கள். கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை இன்னும் மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள். சபைக்கு அது அழுத்தமாகத்தான் கேட்கும், அதற்குள் அடுத்த நிறுத்தம் நினைவுக்கு வரும். வராவிட்டால் அதற்கு அடுத்ததற்குப் போய்விடுங்கள். விட்டுப்போனது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எதிர்பாராத இடத்தில் சிரித்தால் சிரிப்பு பாதி அடங்கும் வரை காத்திருங்கள். சிரிப்பின் மேல் பேசினால் அடுத்த வரி யாருக்கும் கேட்காது. தொண்டை அடைத்தால் நிறுத்தி, எச்சிலை விழுங்கி, கீழ்க்குரலில் தொடருங்கள். அழுகையை மறைக்கக் குரலை உயர்த்தினால்தான் குரல் உடையும். நேரம் முடியப்போவதாக மணி அடித்துவிட்டால் நடுவில் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசிக் காட்சிக்குத் தாவுங்கள். கடைசி மூன்று வரியை மட்டும் ஒருபோதும் வேகமாகச் சொல்லாதீர்கள்.

கடைசி வாக்கியம் முடிந்ததும் "அவ்ளோதாங்க" வேண்டாம். இரண்டு நொடி அப்படியே நில்லுங்கள். பார்வையைக் கீழே இறக்காதீர்கள். கைதட்டல் தொடங்கிய பிறகு "நன்றி" சொல்லி, மைக்கை அணைக்காமலே ஸ்டாண்டில் வையுங்கள். அணைத்துவிட்டால் அடுத்து வருபவர் தவிப்பார். கீழே வந்து உட்கார்ந்த உடனே, யாரும் பேச்சுக் கொடுப்பதற்கு முன், சபை முற்றிலும் அசையாமல் இருந்த இடம் எது என்று போனில் ஒரு வரி குறித்துவையுங்கள். அடுத்த முறை இதே கதையைச் சொல்லும்போது அங்கே இன்னும் ஒரு மூச்சு நின்று போகலாம்.